பழைய டோட்டல் ஸ்டேஷன்: 1 செகண்டா, 5 செகண்டா?

கேள்வி: சர்வேயர் ஒருவரிடம் உதவியாளராக இருந்துவிட்டு, இப்போது தனியாகத் தொழில் தொடங்குகிறேன். பெரும்பாலும் மனை அளக்கும் வேலைதான். பழைய டோட்டல் ஸ்டேஷன் (கோணமும் தூரமும் அளக்கும் சர்வே கருவி) இரண்டு விலைக்கு வந்திருக்கின்றன. கோணத் துல்லியத்தில் ஒன்று 1 செகண்ட், இன்னொன்று 5 செகண்ட் (ஒரு செகண்ட் என்பது ஒரு டிகிரியில் 3600-இல் ஒரு பங்கு). இரண்டுக்கும் கேலிபரேஷன் சான்றிதழ் உண்டு. 1 செகண்டுக்குக் கூடுதல் பணம் கொடுக்கலாமா?

பதில்: உங்கள் வேலைக்கு அவசியமில்லை. 100 மீட்டர் தூரத்தில் 5 செகண்ட் கோணப் பிழை என்பது சுமார் 2.4 மில்லிமீட்டர். 2 மீட்டர் உயரத்தில் பிடிக்கும் ப்ரிஸம் கம்பி (கருவியின் ஒளியைத் திருப்பியனுப்பும் ப்ரிஸத்தைத் தாங்குவது) 10 நிமிடக் கோணம், அதாவது ஒரு டிகிரியில் ஆறில் ஒரு பங்கு, சாய்ந்தாலே கிட்டத்தட்ட 6 மில்லிமீட்டர் தள்ளிப்போகும். கம்பியின் மட்டக் குமிழைச் சரிசெய்யாமல் 1 செகண்ட் கருவிக்குச் செலவழிப்பது வீண்.

சான்றிதழை மட்டும் நம்பி வாங்காதீர்கள். சோதித்த பிறகும் கருவி கீழே விழுந்திருக்கலாம். ட்ரைபாடில் ஏற்றி, வெளிச் சூட்டுக்குக் கருவி பழகும்வரை பொறுத்து, மட்டம் பார்த்துவிட்டு, 100 மீட்டருக்கு அப்பால் கூர்மையான ஒரு புள்ளியை ஃபேஸ் லெஃப்டில் (டெலஸ்கோப்பின் வழக்கமான நிலையில்) பாருங்கள். டெலஸ்கோப்பைப் புரட்டி, கருவியை அரைவட்டம் திருப்பி, அதையே ஃபேஸ் ரைட்டிலும் பாருங்கள். கிடைக்கோணங்களுக்கு இடையே 180 டிகிரி இருக்க வேண்டும். தலைக்கு நேர் மேலிருந்து அளக்கும் செங்குத்துக் கோணங்களின் கூட்டுத்தொகை 360 வர வேண்டும். இதை நாலைந்து தடவை செய்யுங்கள். பிசகு ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய ஒரே அளவாக வந்தால் பயப்பட வேண்டாம், கருவியின் மெனுவிலேயே திருத்திக்கொள்ளலாம். ஒருமுறை 4, அடுத்த முறை 20, பிறகு 9 செகண்ட் என்று அலைந்தால், முதலில் ட்ரைபாட் ஆடுகிறதா, திருகுகள் இறுகியிருக்கின்றனவா என்று பாருங்கள். அதெல்லாம் சரியாக இருந்தும் அலைந்தால் அந்தக் கருவி வேண்டாம். 1 செகண்ட் என்று பொறித்திருந்தாலும் சரி, உள்ளே தேய்மானமோ அடியோ இருக்கிறது என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

தூரத்துக்கும் எளிய சோதனை உண்டு. ஒரே கோட்டில் மூன்று புள்ளிகள் வையுங்கள். முதலிலிருந்து மூன்றாவது வரை ஒரே வீச்சில் அளந்தது, இரண்டு துண்டுகளாக அளந்து கூட்டியதோடு ஒத்துவர வேண்டும். சில மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் வந்தால் கருவியைக் குறை சொல்லும் முன் ப்ரிஸம் மாறிலியை (ப்ரிஸத்துக்காகத் தூரத்தில் சேர்க்கும் திருத்தத்தை) பாருங்கள். ப்ரிஸத்துக்கு ப்ரிஸம் அது மாறும். மைனஸ் 30 மில்லிமீட்டர் ப்ரிஸத்தை 0 என்று வைத்து அளந்தால் ஒவ்வொரு தூரத்திலும் 3 சென்டிமீட்டர் பிழை. எனவே கருவியோடு வரும் ப்ரிஸத்தையும் சேர்த்தே கேட்டு வாங்குங்கள்.

பேட்டரி, டேட்டாவைக் கணினிக்கு மாற்றும் வழி இரண்டையும் அங்கேயே இயக்கிப் பாருங்கள். வரிசை எண்ணும் பில்லும் பொருந்த வேண்டும். பாஸ்வேர்ட் கேட்கும் கருவியை, விற்பவரே திறந்து காட்டாதவரை தொடாதீர்கள். அது திருட்டுப் பொருளாக இருக்கலாம்.