செமிகோலன், புள்ளி, 'வேண்டும்': டி.என்.எஸ். பாதுகாப்புக் கையேடுகளைத் திருத்துவது பற்றிக் கேள்வி பதில்

12 வருடம் நேம் சர்வர்களை, அதாவது தளப் பெயரைக் கேட்டால் அதன் ஐ.பி. முகவரியைச் சொல்லும் டி.என்.எஸ். சர்வர்களைப் பராமரித்தேன். இப்போது அவற்றைப் பராமரிக்கிறவர்கள் எழுதும் கையேடுகளைத் திருத்துவதுதான் பிழைப்பு. இந்த வாரம் வந்த கேள்விகளில் சர்வர் தெரியாத திருத்துநர்கள் கேட்டவையும் உண்டு, இலக்கணம் என்றாலே ஓடுகிற இன்ஜினியர்கள் கேட்டவையும் உண்டு.

கேள்வி: நான் பதிப்பகத்தில் மெய்ப்புப் பார்ப்பவன் அக்கா. நெட்வொர்க் இருக்கும் திசையில் தலைவைத்துக்கூடப் படுத்ததில்லை. பைண்ட் 9 என்ற நேம் சர்வர் மென்பொருளைப் பாதுகாப்பது எப்படி என்று 40 பக்கம் கைக்கு வந்திருக்கிறது. எங்கே கை வைக்கலாம்?

முதலில் ஒரு கலர் பேனா எடுத்து, சர்வர் படிக்கப்போகிற வரிகளுக்கு எல்லாம் கட்டம் போடுங்கள் தம்பி. கட்டத்துக்கு வெளியே நீங்கள் ராஜா. உள்ளே உங்கள் இலக்கணம் செல்லாது. நேராக இருக்கும் மேற்கோள் குறியை வேர்ட் தானாகவே வளைத்துவிடும். பைண்டுக்கு வளைந்த குறி மேற்கோள் குறியே இல்லை. கட்டளையில் அடுத்தடுத்து வரும் இரண்டு சிறுகோடுகளை ஒரே நீளக் கோடாக ஒட்டிவிடும். 86400 என்பதை வாசிக்க வசதியாக 86,400 ஆக்கினால் வாசிக்க வசதிதான், ஓடாது. மூடும் அடைப்புக்கு அப்புறம் தனியாக நிற்கும் செமிகோலன் அச்சுப்பிழை மாதிரித் தெரியும். அதை எடுத்தால் அமைப்புக் கோப்பை சர்வர் ஏற்காது.

கட்டத்துக்குள் ஏதாவது மாறியே ஆகவேண்டும் என்றால், மாற்றிய பிறகு நேம்ட்-செக்கான்ஃப் என்ற சோதனைக் கட்டளையை ஓட்டிப் பார்க்கும்படி எழுதியவரிடம் சொல்லுங்கள். ஒரு டொமைனின் பதிவுகள் இருக்கும் ஸோன் கோப்பு என்றால் நேம்ட்-செக்ஸோன்.

கேள்வி: டொமைன் பெயருக்குப் பின்னால் சில இடத்தில் புள்ளி வைக்கிறார்கள், சில இடத்தில் இல்லை. ஒரே மாதிரி ஆக்கிவிடலாமா?

ஐயோ, வேண்டாம். இது நானே செய்த பாவம். திருத்துகிற வேலைக்கு வந்த முதல் வருடம், ஒரு நிறுவனத்தின் கையேட்டில் அட்டவணைக் கட்டங்களின் கடைசியில் நின்ற புள்ளிகளை எல்லாம் ஒரே தட்டில் எடுத்தேன். அட்டவணைக்குள் முற்றுப்புள்ளி வைப்பதில்லை என்பது எங்கள் நடை விதி. அதில் ஒன்று எம்.எக்ஸ். பதிவு, டொமைனுக்கு வரும் மெயில் எந்த சர்வருக்குப் போகவேண்டும் என்று சொல்வது. ஸோன் கோப்பில் 'மெயில்.எக்ஸாம்பிள்.காம்' என்று எழுதிக் கடைசிப் புள்ளியை விட்டால், பெயர் இன்னும் முடியவில்லை என்று எடுத்துக்கொண்டு ஸோனின் பெயரையும் சர்வர் பின்னால் ஒட்டிக்கொள்ளும். 'மெயில்.எக்ஸாம்பிள்.காம்.எக்ஸாம்பிள்.காம்' என்று ஆகிவிடும். அப்படி ஒரு இயந்திரம் எங்கே இருக்கிறது? கையேட்டைப் பார்த்து அப்படியே தட்டச்சு செய்த பையனுக்கு ஒரு மாலை முழுக்க மெயில் வரவில்லை. திட்டு வாங்கியது அவன்.

ஸோன் கோப்பில் அந்தப் புள்ளி பெயரின் பகுதி. சாதாரண வாக்கியத்தில் அது தேவையில்லை. பெயரில் வாக்கியம் முடிந்து, இது எந்தப் புள்ளி என்று வாசகர் குழம்புவார் என்று தோன்றினால், வாக்கியத்தைத் திருப்பிப்போட்டுப் பெயரை நடுவுக்குக் கொண்டுவந்துவிடுவேன்.

கேள்வி: ஆங்கிலத்தில் மஸ்ட், ஷுட், மே என்று மூன்று படி இருக்கிறது. தமிழில் எல்லாமே 'வேண்டும்' ஆகிவிடுகிறதே மேடம்?

இந்த வேலையில் எனக்குப் பிடித்த தலைவலி இதுதான். அந்தச் சொற்களுக்கு என்ன கனம் என்று 1997-இல் வந்த ஆர்.எஃப்.சி. 2119 வரையறுத்தது (ஆர்.எஃப்.சி. என்பது இணையத் தரங்கள் வெளியாகும் ஆவண வரிசை). பெரிய எழுத்தில் இருந்தால்தான் அந்தச் சிறப்புப் பொருள் என்று 2017-இல் ஆர்.எஃப்.சி. 8174 தெளிவாக்கியது. நமக்குப் பெரிய எழுத்து ஏது? 'ஸோன் டிரான்ஸ்ஃபரைத் துணை சர்வர்களுக்கு மட்டும் அனுமதிக்க வேண்டும்' (ஸோன் முழுவதையும் துணை சர்வருக்கு நகலெடுத்துக் கொடுப்பதுதான் ஸோன் டிரான்ஸ்ஃபர்) என்றால் அது கட்டளையா, பெரியவர் சொல்லும் புத்திமதியா? தணிக்கைக்கு வருகிறவர் ஒன்றாகப் படிப்பார், சர்வர் பார்க்கிறவர் இன்னொன்றாக.

நான் செய்வது இது: ஒவ்வொரு விதிக்கும் முன்னால் 'கட்டாயம்', 'பரிந்துரை', 'விருப்பம்' என்று ஒரு சொல்லைத் தனியாக நிறுத்துவேன். வாக்கியத்தை ஏவலாகவே எழுதுவேன்: 'கட்டாயம்: ஸோன் டிரான்ஸ்ஃபரைத் துணை சர்வர்களுக்கு மட்டும் அனுமதிக்கவும்.' வினைமுற்று கனத்தைச் சுமக்க வேண்டியதில்லை, சுமக்கவும் அதற்குத் தெம்பில்லை.

எதிர்மறை இன்னும் மோசம். 'கூடாது', 'வேண்டாம்', 'தேவையில்லை' மூன்றும் மூன்று சங்கதி. 'வெளியாருக்கு ரிகர்ஷன் தேவையில்லை' என்று ஒருவர் எழுதியிருந்தார் (ரிகர்ஷன் என்றால் கேட்டவருக்காக சர்வரே மற்ற சர்வர்களிடம் போய்ப் பதில் தேடித் தருவது). தேவையில்லை என்றால் இருந்துவிட்டுப் போகட்டும் என்றும் படிக்கலாமே! அவர் சொல்ல வந்தது 'கூடவே கூடாது'. அப்புறம் 'அனுமதிக்கலாம்'. அது யோசனையா, சர்வருக்கு அப்படி ஒரு வசதி உண்டு என்ற தகவலா? எழுதியவரிடம் போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.

கேள்வி: 'ரிகர்ஷனை அணைக்கவும்' என்று சுருக்கமாகத் தலைப்பு வைத்தேன். எழுதியவர் கோபித்துக்கொண்டார். ஏன்?

கோபம் நியாயம். தன் டொமைனுக்கு மட்டும் பதில் சொல்லும் அதிகார சர்வரில் அணைக்கலாம், அணைக்கவும் வேண்டும். ஆபீஸில் எல்லோருக்கும் பெயர் தேடிக் கொடுக்கும் ரிசால்வரில் அதை அணைத்தால் யாருக்கும் ஒரு தளமும் திறக்காது. அங்கே செய்யவேண்டியது, நம் ஆட்களுக்கு மட்டும் என்று கட்டுப்படுத்துவது. ஊருக்கே திறந்துவைத்தால், அனுப்புநர் முகவரியைப் போலியாகப் போட்டு ஒரு சின்னக் கேள்வியை அனுப்பி, பெரிய பதிலை வேறொருவர் தலையில் கொட்டவைப்பார்கள். ஆர்.எஃப்.சி. 5358 இதை 2008-லேயே எச்சரித்தது. ஆகவே தலைப்பிலேயே எந்த சர்வர் என்று வரட்டும். இரண்டு வார்த்தை கூடினால் கூடட்டும்.

கேள்வி: டி.சி.பி. 53-ஐ துணை சர்வர்களைத் தவிர எல்லோருக்கும் அடைக்கச் சொல்கிறது எங்கள் கையேடு. நான் மொழி மட்டும்தான் பார்க்கிறேன். இதைக் கேட்பது என் வேலையா?

கேட்பது உங்கள் வேலை, மாற்றுவது அல்ல. ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போடுங்கள். டி.என்.எஸ். கேள்விகள் 53-ஆம் போர்ட்டுக்கு யு.டி.பி., டி.சி.பி. என்ற இரண்டு வழியிலும் வரும். டி.சி.பி. என்றால் ஸோன் டிரான்ஸ்ஃபர் மட்டும்தான் என்பது பழைய நினைப்பு. யு.டி.பி.-இல் அடங்காத பதிலைப் பாதியில் நறுக்கி, 'டி.சி.பி.-இல் வந்து கேள்' என்று சர்வர் சொல்லும். 1987-இல் போட்ட எல்லை 512 பைட். போலி இல்லை என்று காட்டும் டி.என்.எஸ்.செக் கையொப்பங்களோடு வருகிற பதில் அதைச் சுலபமாகத் தாண்டும். டி.என்.எஸ். மென்பொருளில் டி.சி.பி. ஆதரவு கட்டாயம் என்று 2016-இல் ஆர்.எஃப்.சி. 7766 சொல்லிவிட்டது.

கையேடு புளித்துவிட்டதா என்று முகர்ந்து பார்க்க இன்னும் சில இடங்கள் உண்டு. வெளியே போகும் கேள்விகளுக்கு மூல போர்ட்டை (கேள்வி புறப்படும் போர்ட் எண்) 53 என்று நிலையாக வைக்கச் சொன்னால், அது 2008-க்கு முந்தைய சரக்கு. அந்த வருடம்தான் பாதுகாப்பு ஆய்வாளர் டான் கமின்ஸ்கி, கேள்வியின் 16 பிட் அடையாள எண் மட்டும் போலிப் பதிலுக்கு எதிரான காவலுக்குப் போதாது என்று காட்டினார். 65,536 வாய்ப்புதானே, ஊகித்துவிடலாம். அதனால்தான் போர்ட் எண்ணும் கேள்விக்குக் கேள்வி மாறவேண்டும் என்று ஆனது. நிலையான போர்ட் ஃபயர்வால் விதிக்கு வசதி, எதிரிக்கு அதைவிட வசதி. என்செக்3-க்கு (ஒரு பெயர் இல்லை என்பதை நிரூபிக்கும் டி.என்.எஸ்.செக் பதிவு) ஹாஷ் சுற்றுகளைக் கூட்டச் சொன்னாலும் கேளுங்கள், 2022-இல் ஆர்.எஃப்.சி. 9276 அதைப் பூஜ்யமாக வைக்கச் சொல்கிறது. எச்மேக்-எம்.டி.5 என்ற பழைய முறையின் சாவி கண்ணில் பட்டாலும் கேளுங்கள்.

கேள்வி: மாஸ்டர், ஸ்லேவ் என்பதை எல்லா இடத்திலும் மாற்றச் சொல்கிறார்கள்.

உரைநடையில் மாற்றுங்கள்: முதன்மை சர்வர், துணை சர்வர். கட்டத்துக்குள் அந்த வெர்ஷன் எந்தச் சொல்லை ஏற்கிறதோ அதுதான். மொத்தமாகத் தேடி மாற்றும் பொத்தானை மட்டும் அழுத்திவிடாதீர்கள்.

கேள்வி: எடுத்துக்காட்டில் எங்கள் ஆபீஸ் ஐ.பி. முகவரிகளே இருக்கின்றன. பரவாயில்லையா?

பரவாயில்லையாவது! பாதுகாப்புக் கையேட்டிலேயே வீட்டு வரைபடமா? ஆவணங்களுக்கு என்றே 192.0.2.0/24, 198.51.100.0/24, 203.0.113.0/24 ஒதுக்கப்பட்டிருக்கின்றன. மாற்றும்போது ஒரு தாளில் எதற்கு எது என்று குறித்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் 3-ஆம் பக்கத்துத் துணை சர்வர் 17-ஆம் பக்கத்தில் வேறு முகவரியில் குடியேறிவிடும்.

கேள்வி: ரிசால்வரின் கேஷில் போலிப் பதிலைப் புகுத்தும் கேஷ் பாய்சனிங்கை 'தற்காலிக நினைவக நஞ்சூட்டல்' என்று எழுதலாமா அக்கா?

எழுதலாம். இரவு 2 மணிக்கு சர்வர் படுத்துவிட்டால் அதைத் தேடிப் பிடிக்கிறவரை நினைத்துக்கொண்டு எழுதுங்கள். நான் கேஷ் பாய்சனிங் என்றே விடுவேன்.

கேள்வி: படிகளின் வரிசையைச் சீர்ப்படுத்தலாமா? டி.என்.எஸ்.செக்கை நிறுத்தும் பகுதியில் 'காத்திருக்கவும்' என்று தனிப் படியே இருக்கிறது. வெட்டத் தோன்றுகிறது.

வெட்டாதீர்கள். முதலில் மேல் ஸோனில் (எக்ஸாம்பிள்.காம் என்றால் காம்) இருக்கும், நம் ஸோன் கையொப்பமிட்டது என்று சொல்லும் டி.எஸ். பதிவை எடுக்கச் சொல்லவேண்டும். ரிசால்வர்களின் கேஷில் இருக்கும் பழைய டி.எஸ். காலாவதியாகும்வரை காத்திருக்கவேண்டும். அதற்கு அப்புறம்தான் கையொப்பங்களை எடுக்கலாம். நடுப்படியை வெட்டினால், கையொப்பம் உண்டு என்று டி.எஸ். சொல்லும், ஸோனில் இருக்காது. சரிபார்க்கும் ரிசால்வர்கள் டொமைனையே நிராகரித்துவிடும். 'காத்திருக்கவும்' என்பதோடு எவ்வளவு நேரம் என்று எழுதியவரிடம் கேட்டு வாங்குங்கள். அந்த டி.எஸ். பதிவின் டி.டி.எல்., அதாவது கேஷில் வைத்திருக்கலாம் என்ற நேரம், 86400 வினாடி என்றால் ஒரு நாள் முழுக்க. கட்டத்துக்கு வெளியே இருப்பதால் '24 மணி நேரம்' என்றே எழுதலாம்.