எரிபொருள் நம் மண்ணிலிருந்தே: கேள்வி பதில்

கரும்பிலிருந்தும் தானியத்திலிருந்தும் காய்ச்சும் எரிசாராயம்தான் எத்தனால். சர்க்கரை ஆலையின் எத்தனால் பிரிவில் நெடுங்காலம் வேலை பார்த்தவன் நான். இப்போது கிராமங்களில் சாண எரிவாயுக் கலன் அமைக்க உதவி வருகிறேன். கச்சா எண்ணெய் இறக்குமதியைக் குறைக்கும் மாற்று எரிபொருள்கள் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

ஐயா, 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலால் என் பைக்கின் மைலேஜ் குறைந்துவிட்டது. இது உண்மையா, என் மனப்பிரமையா?

உண்மைதான். ஒரு லிட்டர் பெட்ரோல் தரும் வெப்பத்தில் மூன்றில் இரண்டு பங்கைத்தான் ஒரு லிட்டர் எத்தனால் தரும். கணக்குப்படி ஆறேழு சதவீதம் குறையும். இந்தக் கலவைக்கென்றே வடிவமைத்த எஞ்சினில் இழப்பு குறைவு. பழைய வண்டி என்றால் ரப்பர் குழாய்களையும் வாஷர்களையும் பார்த்து மாற்றுங்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும். மழைக்காலம் முழுவதும் ஓட்டாமல் வைத்திருந்த என் பைக்கில் கார்புரேட்டர் கிண்ணத்தைக் கழற்றினேன். அடியில் முத்து முத்தாகத் தண்ணீர்.

கரும்பு தண்ணீரை விழுங்கும் பயிர். அதை வண்டிக்கு ஊற்றலாமா?

சர்க்கரை எடுத்தபின் மிஞ்சும் மொலாசஸிலிருந்து எத்தனால் காய்ச்சுவதை முழுமனதோடு ஆதரிக்கிறேன். கழிவு காசாகிறது, கரும்பு விவசாயியின் நிலுவையும் சீக்கிரம் தீர்கிறது. சாற்றையே நேராகக் காய்ச்சுவது வேறு விஷயம். 2023இல் மழை பொய்த்தது. சர்க்கரைக்குத் தட்டுப்பாடு வரும் என்று அஞ்சி, அந்த டிசம்பரில் மத்திய அரசே கரும்புச் சாற்றுக்குக் கட்டுப்பாடு விதித்தது. அடுத்து, எத்தனால் காய்ச்சும் தேவை மக்காச்சோளத்தின் பக்கம் திரும்பியது. கோழித்தீவன விலை ஏறியது, 2024இல் மக்காச்சோளத்தையே இறக்குமதி செய்தோம். எண்ணெய்க்குப் பதில் தானியத்துக்காக வெளிநாட்டை நம்புவதில் எனக்குச் சம்மதமில்லை.

விதை எண்ணெயிலிருந்து டீசல் எடுக்கலாம் என்றார்களே, அந்தக் காட்டாமணக்கு என்ன ஆயிற்று?

2003இல் திட்டக்குழுவின் குழு பரிந்துரைத்தபோது, தரிசில் வளரும், ஆடு மாடு கடிக்காது என்று சொன்னார்கள். வளர்ந்தது, கடிக்கவுமில்லை. ஆனால் தண்ணீரும் உரமும் இல்லாமல் காய்ப்பு கட்டுப்படியாகவில்லை. நம்பி நட்ட சிறு விவசாயிகளை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது.

பலகாரக் கடையில் மிஞ்சும் எண்ணெயை டீசல் எஞ்சினில் ஊற்றலாமா?

அப்படியே ஊற்றாதீர்கள், இன்ஜெக்டர் அடைத்துவிடும். மெத்தனாலுடன் வினைபுரியச் செய்து பயோடீசலாக மாற்ற வேண்டும். அந்த மெத்தனாலில் பெரும்பகுதி இறக்குமதிதான் என்பதையும் மறக்க வேண்டாம்.

அண்ணா, வீட்டில் மூன்று கலப்பினப் பசுக்கள். சாண எரிவாயு கட்டுமா?

தாராளமாக. நாளுக்கு 50 கிலோ சாணம் கிடைத்தால் 2 கன மீட்டர் கலன் போதும். நான்கைந்து பேருக்குச் சமைக்கலாம். ஒரு நாளில் கிடைக்கும் சாண வாயு ஏறக்குறைய 800 கிராம் சமையல் எரிவாயுவுக்குச் சமம், அதாவது 14.2 கிலோ சிலிண்டர் ஒன்று பதினேழு பதினெட்டு நாளில் மிச்சம். நாட்டின் சமையல் எரிவாயுத் தேவையில் பாதிக்கு மேல் கப்பலில் வருகிறது. உங்கள் தொழுவம் அதில் ஒரு துளியைக் குறைக்கும்.

சாணத்தையும் தண்ணீரையும் சம அளவில் கரையுங்கள். வைக்கோல், கல் விழக்கூடாது. தொழுவத்தைப் பினாயில் ஊற்றிக் கழுவிய நீரை விட்டால் உள்ளே நுண்ணுயிர்கள் செத்துவிடும். சுடர் திக்கித் திக்கி எரிந்தால் பயப்பட வேண்டாம், குழாயில் நீர் தேங்கியிருக்கும். வடிகுழாயைத் திறந்து விடுங்கள். முதல் முறை நிரப்பும்போது, ஏற்கெனவே ஓடும் கலனிலிருந்து இரண்டு குடம் குழம்பு வாங்கி ஊற்றினால் வாயு சீக்கிரம் பிடிக்கும். வெளியே வரும் குழம்பை வாழைக்கு விடுங்கள்.