நாவலில் வரும் மாமி நானா?

கேள்வி: என் தம்பி தொண்ணூறுகளில் புலிகளிடம் வெளியேறும் பாஸ் எடுத்து வன்னியை விட்டு வெளிக்கிட்டு டொராண்டோ போனவன். அங்கே பிறந்த அவன் மகள் ஆங்கிலத்தில் ஒரு நாவல் எழுதியிருக்கிறாள். பேரன் கொஞ்சம் வாசித்துச் சொன்னான். அதில் ஊரிலுள்ள மாமி காசு தேவைப்பட்டால் மட்டும் போன் எடுக்கிறவள். வைகாசியில் நடக்கிற வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல்கூட அதில் தை மாதத்தில் நடக்கிறதாம்! டொக்டருக்குப் படிக்கச் சொன்னது, கலியாணம் பேசினது எல்லாம் எழுதி மானத்தை வாங்கிவிட்டாள், அவளோடு கதைக்காதேங்கோ என்று தம்பி சொல்கிறான். வருகிற வைகாசியில் பொங்கலுக்கு வருகிறாளாம். வீட்டில் ஏற்றலாமா?
- வாசகி, முள்ளியவளை

பதில்: ஏற்றுங்கள் அக்கா, இதில் யோசிக்க என்ன இருக்கிறது? தகப்பனுக்கும் மகளுக்கும் உள்ள வழக்கில் நீங்கள் கட்சி எடுக்க வேண்டாம். டொக்டர் படிப்பு, மாப்பிள்ளை, 'ஆக்கள் என்ன சொல்லுவினம்' எல்லாம் அங்கே எத்தனையோ வீடுகளில் நடக்கிறதுதான். எழுதினது அவமானம் என்றால் நடந்தது என்னவாம்?

உங்களுக்குச் சுட்டது அந்த மாமி. நாவல்தானே, கற்பனைதானே என்று நான் சொல்லித் தப்பலாம், ஆனால் நீங்களும் நம்பமாட்டீர்கள், ஊரும் நம்பாது. ஆனால் இந்த மாமி அவளுக்கு எங்கிருந்து கிடைத்தாள் என்று பாருங்கள். தொண்ணூறுகளில் வெளிநாட்டோடு கதைக்க வவுனியாவுக்குப் போக வேண்டும், அதற்கும் பாஸ் வேண்டும். 2002இல் வன்னிக்கூடாகப் போகிற ஏ9 பாதை திறந்து, போன் கதைக்கிற கொமினிக்கேசன் கடைகள் வந்தபோதும் நிமிடத்துக்கு இவ்வளவு என்று காசு, பின்னால் நிற்கிறவருக்கு அவசரம், பக்கத்தில் நிற்கிறவருக்குக் காது முழுக்க உங்கள் போனில். அந்த நேரத்தில் யார் ஆறுதலாகச் சுகம் விசாரிப்பார்கள்? வங்கியில்லாமல் ஆள்மூலம் அனுப்புகிற உண்டியல் காசு வந்தது, வரவில்லை என்று சொல்லிவிட்டு வைப்பதுதான். அங்கே தகப்பனின் மடியில் இருந்த பிள்ளைக்குக் கேட்டது அது மட்டும். 2006இல் பாதை திரும்ப மூடினதும் அதற்குப் பிறகு நீங்கள் பட்டதும் அவளுக்கு எவ்வளவு தெரியும்? காசு அனுப்பினவர் வீட்டில் காசுக்கணக்குத்தான் கதைத்திருப்பார் என்று நினைக்கிறேன்.

ஆகவே பட்டதையெல்லாம் அவளிடம் நீங்களே சொல்லுங்கள், கோபத்தோடு சொன்னாலும் பரவாயில்லை. அதற்கு முதல் பேரனைக் கொண்டு புத்தகத்தை முழுக்க வாசிப்பித்து, பிழையான இடங்களைக் குறித்து வையுங்கள். கொஞ்சம் வாசித்ததை வைத்துச் சண்டை போட்டால் அவள்தான் வெல்லுவாள்.

அந்தப் பொங்கல் விஷயத்தை நீங்கள் நக்கலாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது வேறு மாதிரித் தெரிகிறது. தைப்பொங்கலோடு குழப்பி எழுதின பிள்ளை இப்போது சரியாக வைகாசிக்கு வருகிறாள் என்றால், பிழையென்று தெரிந்து தேடியிருக்கிறாள். தன் ஊர் என்று எழுதிவிட்டு, ஊர்க் கோயில் பொங்கல் எந்த மாதமென்றே தெரியாமல் போனது அவளுக்கும் வெட்கமாக இருந்திருக்கும். காட்டு விநாயகர் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போய், அம்மன் பொங்கலுக்காகக் கடல்நீரில் எரிகிற விளக்கைக் காட்டுங்கள். அதை டொராண்டோ ஸ்காபரோவில் இருந்துகொண்டு யாரிடம் கேட்பாள்?

ஒன்றை மட்டும் கறாராகச் சொல்லிவிடுங்கள். அடுத்த புத்தகத்தில் சண்டை முடிந்த 2009 வருவதென்றால், நீங்கள் சொன்னதை அச்சுக்குப் போக முதல் உங்களுக்குத் தமிழில் வாசித்துக் காட்ட வேண்டும். எதைச் சொல்வது, எதை விடுவது என்பதும் உங்கள் விருப்பம்.

தம்பி கேட்டால், 'என்ர மருமகள் என்ர வீட்டுக்கு வாறாள்' என்று சொல்லுங்கள். கத்தினால் கத்தட்டும், வாட்ஸ்அப்பில் நிமிடக்காசு கிடையாதே.