விமான இறக்கைக்குள் பிட்டோ குழாயும் ஒயரும் ஒரே பைப்பில் போகலாமா?

வணக்கம்ங்க. பொள்ளாச்சி ஷெட்டில் அலுமினியத்தில் ரெண்டு சீட் விமானம் கட்டுகிறீர்கள். இறக்கையின் கீழ்த்தகடு ரிவெட் அடிக்கும் முன் பிட்டோ குழாயையும் (எதிர்க்காற்றை வாங்கும் பிட்டோ முனையிலிருந்து வேகமானிக்கு அழுத்தத்தைக் கொண்டுபோவது) விளக்கு ஒயர்களையும் ஒரே பிவிசி பைப்பில் விடலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம்ங்க, தனித்தனியாகவே விடுங்கள். வீட்டு வயரிங் பைப் கனம் அதிகம். தீப்பிடித்தால் நச்சுப்புகை வேறு. ஒயருக்கு மெல்லிய நெளிவு நைலான் பைப் போதும்.

இவை நுழைய ஓட்டை போடும் விஷயத்தில்தான் கவனம் வேண்டும். ஸ்பாரை, அதாவது இறக்கையின் பாரம் தாங்கும் நீளச் சட்டத்தை, தொடவே கூடாது. ரிப்பிலும் (இறக்கைக்கு வடிவம் தரும் குறுக்குச் சட்டம்) வரைபடம் காட்டும் இடத்தில், காட்டும் அளவில் மட்டும். அதில் இல்லையென்றால் வடிவமைத்தவர்களிடம் எழுதிக் கேட்டுவிடுங்கள். ஓட்டை போட்டதும் விளிம்பில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். இடறினால் பிசிறு இருக்கிறது. வழித்துவிட்டு ரப்பர் குரோமெட் (ஓட்டை விளிம்பை மூடும் வளையம்) மாட்டுங்கள். அது இல்லாவிட்டால் என்ஜின் அதிர்வில் தகடு ஒயரின் தோலை அறுத்துக்கொண்டே இருக்கும்.

பிட்டோ குழாய் ரிப்புகளுக்கு நடுவே தொய்யக் கூடாது. தொய்ந்த இடத்தில் தண்ணீர் தேங்கினால் வேகமானி தப்பாகக் காட்டும். பிட்டோவில் ஹீட்டர் இருந்தால் அதையொட்டிய துண்டுக்கு அலுமினியக் குழாய் போடுங்கள், பிளாஸ்டிக் இளகிவிடும். ஏலரானை (விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கும் இறக்கை மடல்) இயக்கும் தண்டை ரெண்டு பக்கமும் முழுசாக ஆட்டி, எதிலும் உரசவில்லை என்று பார்த்த பிறகே எல்லாவற்றையும் இறுக்கிக் கட்டுங்கள். பிட்டோ குழாயில் கசிவு இருக்கிறதா என்பதையும் தகடு மூடும் முன்பே பார்த்துவிடுங்கள்.

அப்புறம், பைப்புக்குள் ஒரு நைலான் கயிறு விட்டு வையுங்கள், பின்னாளில் புது ஒயர் இழுக்க உதவும். பிட்டோ வாயை மாட்டிய அன்றே மூடிவிடுங்க. குளவி மண்ணை வைத்து அடைத்துவிடும்.