பெரிய அணிகள் அத்தனை இருக்க, சின்னக் கால்பந்து கிளப் ஒன்றுக்கு ஏன் விசுவாசமாக இருக்கிறீர்கள்?

எனக்கு வேறு வழி இருக்கவில்லை, பெரியப்பா அப்படி.

நான் ஓசேர் கிளப்பின் ரசிகன். பிரான்ஸில் பர்கண்டிப் பக்கம், யோன் ஆற்றங்கரையில் இருக்கிற ஊர். சனத்தொகை 35 ஆயிரத்தைச் சுற்றி. நம் பண்ருட்டியே அதைவிடப் பெரியது. ஆனால் அங்குள்ள மைதானத்தில் 18 ஆயிரம் பேருக்கு மேல் உட்காரலாம். ஊரில் பாதி!

பெரியப்பா சொல்தா. புதுச்சேரிக்காரர்களுக்கு விளக்க வேண்டாம், மற்றவர்களுக்கு: பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். சர்வீஸ் முடிந்ததும் ஓசேரில் ஒரு கிடங்கில் வேலை பார்த்தார். லீவில் வரும்போது எல்லாருக்கும் சாக்லேட், சென்ட். எனக்குப் பத்து வயதில் கிடைத்தது நீலமும் வெள்ளையுமாக ஒரு மஃப்ளர். புதுச்சேரி வெயிலில்! அதிலிருந்த பெயரை எழுத்துக்கூட்டி 'ஆக்ஸர்' என்று படித்தேன், தலையில் ஒரு குட்டு விழுந்தது. நடுவில் இருக்கிற எக்ஸை 'ஸ்' என்றுதான் சொல்ல வேண்டுமாம்.

அப்புறம் கி ரூ கதை. 1961இல், 22 வயதில், யாருக்கும் தெரியாத அந்தக் கிளப்புக்குப் பயிற்சியாளராக வந்த மனிதர். நடுவில் சில இடைவெளி போக 2005 வரை அங்கேயே இருந்தார். 1980இல் முதல் டிவிஷன், 1996இல் லீக், கோப்பை இரண்டும் ஒரே வருடத்தில். எரிக் கான்டோனா பதின்வயதில் போய்ச் சேர்ந்து வளர்ந்ததும் அங்கேதான். ராத்திரி வீரர்கள் ஊர் சுற்றினார்களா என்று பார்க்க, காலையில் அவர்கள் காரின் பானெட்டைத் தொட்டுப் பார்ப்பாராம் ரூ. இந்த இடம் வரும்போது பெரியப்பா தன் ஈசி சேரின் கையைத் தொட்டுக் காட்டுவார். நூறு தடவையாவது பார்த்திருப்பேன்.

சட்டை கிடைக்காது, அது ஒரு தொல்லை. காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் மெஸ்ஸி, ரொனால்டோ எல்லாம் குவியலாகக் கிடக்கும். கடைசியில் வெள்ளை டிசர்ட் ஒன்றை வாங்கி, கிளப்பின் சுருக்கப் பெயரான ஏ.ஜே.ஏ.வை நீலத்தில் பிரிண்ட் போட்டுக்கொண்டேன். உப்பளம் மைதானத்துக்கு அதைப் போட்டுக்கொண்டு ஆட்டம் பார்க்கப் போனபோது பக்கத்தில் இருந்தவர் கேட்டார்: "எந்தச் சங்கம் தம்பி?"

2010இல் சாம்பியன்ஸ் லீகில் ரியல் மாட்ரிட், மிலான் இருந்த குழுவில் ஆடிய கிளப், 2012இல் இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கியது. பத்து வருடம் அங்கேயே கிடந்தது. பெரிய அணியின் ரசிகனுக்கு இறங்குவது என்றால் என்னவென்று தெரியாது. தோற்பது வேறு, இது வேறு.

2022 மே 29 ராத்திரி. மேலே வர செயின்ட் எட்டியன் அணியோடு இரண்டு ஆட்டம், அன்று இரண்டாவது. பெரியப்பா மகள் இன்னும் ஓசேரில்தான் இருக்கிறாள். அக்கா வீடியோ காலில் போனை டிவி பக்கம் திருப்பி வைத்திருந்தாள். முதல் ஆட்டம் 1-1, இதுவும் 1-1, பெனால்டி. மணி ஒன்றை நெருங்கிவிட்டது. பெரியப்பாவுக்கு எண்பது வயது, சின்னத் திரை தெரியாது. போனை விட்டுவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசி உதைக்கு ஒருவன் காலைத் தூக்கியபடி படம் அப்படியே உறைந்துவிட்டது. அக்கா கத்துவது மட்டும் கேட்டது. சந்தோஷமா, ஒப்பாரியா என்று புரியவில்லை. என் முகத்தில் ஒன்றும் தெரியாததால் பெரியப்பா "என்னடா, என்னடா" என்று உலுக்குகிறார். 5-4. ஜெயித்துவிட்டோம்.

ஒரே வருடம்தான். 2023 ஜூனில் கடைசி நாள், சொந்த மைதானத்தில் லான்ஸ் அணியிடம் 3-1 என்று தோற்றோம். எங்களோடு தப்பிக்கப் போராடிய நாந்த் அணி ஜெயித்துவிட்டதால் ஒரே ஒரு புள்ளியில் மறுபடி கீழே. அந்த வருடம் பார்த்து லீகை 20 அணியிலிருந்து 18ஆகக் குறைக்க நாலு அணிகளை இறக்கினார்கள். நாங்கள் கீழிருந்து நாலாவது. எரிச்சலாக இருக்காதா? நம் ஊர் நேரம் ராத்திரி 12.30க்குத் தொடங்கிய ஆட்டம். பெரியப்பா தூங்கிவிட்டிருந்தார். எப்படிச் சொல்வது என்று காலையில் காபியோடு போய் நின்றேன்.

சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் "1980க்கு முன்னாடி நாங்க எந்த டிவிஷன்ல இருந்தோம், தெரியுமா?" என்று ஆரம்பித்து, ரூ, கார், பானெட் எல்லாம் முதலிலிருந்து. காபி ஆறிப்போனது.

2024இல் இரண்டாம் டிவிஷன் சாம்பியனாகவே மேலே வந்தோம். ஓடிப் போய்ச் சொன்னேன். அதற்கும் அதே கதைதான், ஈசி சேரின் கையைத் தொட்டு.