58 வயதில் முதல் சர்ஃப் போர்டு: எதை வாங்கலாம்?

கேள்வி: எனக்கு 58 வயது, எடை 76 கிலோ. நீச்சல் நன்றாகத் தெரியும். இடது தோளில் பழைய வலி ஒன்று உண்டு. சர்ஃபிங் வகுப்பில் 9 அடி ஃபோம் போர்டில் (மேல்பக்கம் மெத்தென்று இருக்கும் பலகை) எழுந்து நிற்கும் அளவுக்கு வந்துவிட்டேன். ஆனால் அதைத் தூக்கிக்கொண்டு தண்ணீருக்குப் போவதற்குள் பாதித் தெம்பு போய்விடுகிறது. சொந்தமாக வாங்கலாம் என்று கடைக்குப் போனால், 6 அடி 8 அங்குல போர்டைக் காட்டி ‘இது உங்களுக்கு லேசாக இருக்கும்’ என்கிறார்கள். கூடக் கற்கும் நண்பரோ 9 அடிக்குக் கீழே போகவே கூடாது என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: இரண்டையும் விட்டுவிடுங்கள். 8 அடி நீளம், 22½ முதல் 23 அங்குல அகலம், 3 அங்குலத்துக்குக் குறையாத தடிமன். இந்த அளவில் ஒரு ஃபோம் போர்டு உங்களுக்குச் சரியாக இருக்கும்.

கடையில் காட்டிய போர்டைத் தூக்குவது லேசுதான், தண்ணீருக்குள் போனதும் அது உங்களைப் படுத்தி எடுக்கும். போர்டு எவ்வளவு மிதக்கும் என்பதை அதன் கொள்ளளவு சொல்லும். பெரும்பாலான போர்டுகளில் அதை லிட்டரில் எழுதியிருப்பார்கள். எழுதவில்லை என்றால் விவரச் சீட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். நன்கு தேறியவர்கள் தங்கள் எடையில் கிலோவுக்கு 0.35 முதல் 0.4 லிட்டர் இருந்தாலே ஓட்டிவிடுவார்கள். ஆரம்பநிலையில், அதுவும் ஐம்பதைத் தாண்டியவருக்கு, கிலோவுக்கு ஒரு லிட்டராவது வேண்டும். உங்கள் எடைக்கு 76 லிட்டர் என்பது கீழ் எல்லை, 80க்கு மேல் போனால் நல்லது. 8 அடி ஃபோம் போர்டுகள் பெரும்பாலும் 80 லிட்டரைத் தாண்டிவிடும். ஒல்லியான 6 அடி 8 அங்குல போர்டு 40 லிட்டரை ஒட்டித்தான் இருக்கும்.

லிட்டர் குறைந்தால் முதலில் அடிவாங்குவது உங்கள் தோள். போர்டு பாதி முங்கியபடி போகும், ஒவ்வொரு கைவீச்சுக்கும் தண்ணீரோடு மல்லுக்கட்ட வேண்டும். நெஞ்சும் தண்ணீருக்கு அருகிலேயே கிடப்பதால் முன்னால் பார்ப்பதற்குக் கழுத்தையும் இடுப்பையும் அதிகம் வளைப்பீர்கள். அப்புறம் அலை. நன்றாக மிதக்கும் போர்டு, அலை இன்னும் சாய்வாக இருக்கும்போதே அதைப் பிடித்துவிடும். எழுந்து நிற்க நிதானமாக நேரம் கிடைக்கும். மிதப்பு குறைந்த போர்டோ அலை செங்குத்தாகி உடையப்போகும் நேரத்தில்தான் நகரத் தொடங்கும். அந்த நொடியில் துள்ளி எழ இருபது வயது முழங்கால் வேண்டும். வயதானவர்களுக்குப் பெரிய போர்டு ஏன் என்று யாராவது கேட்டால் இந்த ஒரு காரணமே போதும்.

நண்பர் சொல்வதில் உண்மை இருக்கிறது. 9 அடி போர்டில் கற்பது சுலபம். ஆனால் தூக்கிப் போக முடியாத போர்டு வீட்டிலேயே கிடக்கும். அதனால் நீளத்தில் ஒரு அடியைக் குறைத்து, அகலத்திலும் தடிமனிலும் கை வைக்காமல் விடுங்கள் என்கிறேன். எடை குறையும், காற்று பிடித்து இழுப்பதும் குறையும், நிற்கும்போது இருக்கும் நிதானம் பெரிதாகக் குறையாது.

அகலத்தில் ஒரு சிக்கல் உண்டு. போர்டை அக்குளில் இடுக்கினால் விரல்கள் கீழ் ஓரத்தை வளைத்துப் பிடிக்க வேண்டும். எட்டவில்லை என்றால் எடை குறைவாக இருந்தாலும் தூக்குவது வேதனைதான். கைப்பிடி பதித்த ஃபோம் போர்டுகள் கிடைக்கின்றன, தோளில் மாட்டும் பட்டையும் தனியாக விற்கிறார்கள். பட்டை என்றால் வலது தோளில் மாட்டுங்கள். தலைமேல் வைத்துப் போவது உங்கள் இடது தோளுக்கு ஒத்துவராது.

வாங்குமுன் இதே அளவில் ஒன்றை வாடகைக்கு எடுத்துப் பாருங்கள். கடலுக்குப் போகும்போது எல்லாப் போர்டும் லேசாகத்தான் தெரியும். களைத்துப்போய், கை நடுங்க, ஈர மணலில் திரும்பி நடக்கிறீர்களே, அப்போது எப்படி இருக்கிறது என்று கவனியுங்கள்.

கேள்வி: ஃபோம் போர்டு சிறுவர்களுக்கானது, சீக்கிரம் வீணாகிவிடும் என்கிறார்களே. நேராகக் கடினமான எபாக்ஸி போர்டே வாங்கினால் என்ன?

பதில்: விழும்போது போர்டு உங்கள் மேல் விழும், பக்கத்தில் இருப்பவர் மேலும் விழும். மேல்பக்கம் மெத்தென்று இருந்தால் காயம் குறையும். வளையக்கூடிய ரப்பர் ஃபின்கள் (போர்டின் அடியில் இருக்கும் துடுப்புகள்) உள்ளதாகப் பார்த்து எடுங்கள், வெட்டுக்காயம் பெரும்பாலும் ஃபின்னால்தான். வயதானால் காயம் ஆற நாளாகும், அந்த நாட்களெல்லாம் பயிற்சி விட்டுப்போகும். எபாக்ஸி போர்டு வலுவானது, எடைக்கும் மோசமில்லை. அலையில் பக்கவாட்டில் திரும்பப் பழகிய பிறகு அதற்குப் போகலாம்.

ஃபோம் போர்டின் ஆயுள் குறைவு என்பது உண்மைதான். அதற்கு முக்கிய எதிரி வெயில். மூடிய காருக்குள்ளோ கொளுத்தும் மணலிலோ போட்டுவைத்தால் உள்ளே இருக்கும் காற்று விரிந்து மேல்தோல் உப்பிக்கொள்ளும். நிழலில் வையுங்கள், உப்பு போகக் கழுவுங்கள்.

கேள்வி: பழைய போர்டு வாங்கலாமா?

பதில்: தாராளமாக. ஆரம்பநிலைக்கான போர்டைப் பலர் சீக்கிரமே மாற்றிவிடுவதால் நல்ல நிலையிலேயே கிடைக்கும். மேல்பக்கம் முழுவதையும் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே வாருங்கள். அடியில் இருக்கும் ஃபோமை விட்டுத் தோல் தனியாக அசைந்தால் வாங்க வேண்டாம். ஃபின் செருகும் இடத்தைச் சுற்றி விரிசல் இருக்கிறதா, லீஷ் (போர்டையும் காலையும் இணைக்கும் கயிறு) கட்டும் குமிழ் ஆடுகிறதா என்று பாருங்கள். அதே ரகப் புதுப் போர்டின் எடையைத் தெரிந்துகொண்டு போய், அங்கேயே எடை போட்டுப் பாருங்கள். கூடுதலாக இருந்தால் உள்ளே தண்ணீர் இறங்கியிருக்கிறது. அது முழுதாகக் காய்வது அபூர்வம். மேலே சின்னச் சின்னப் பள்ளங்கள் இருந்தால் கவலை வேண்டாம்.

லீஷை மட்டும் புதிதாக வாங்குங்கள். போர்டின் நீளமே லீஷின் நீளமும்: 8 அடிக்கு 8 அடி. குட்டையாக இருந்தால் விழுந்ததும் போர்டு வேகமாக உங்களிடமே திரும்பி வரும். குளிர்ந்த தண்ணீரில் அணியும் வெட்சூட் உடைகளுக்குப் பேர்போன ஜாக் ஓ’நீல் 1971இல் ஒரு கண்ணை இழந்தது, அன்றைய லீஷ் ரப்பர் மாதிரி இழுபட்டுப் போர்டைத் திருப்பி அடித்ததால்தான். இன்றைய யூரித்தேன் லீஷ் அவ்வளவு இழுபடாது. ஆனாலும் விழுந்தால் இரு கைகளாலும் தலையை மூடிக்கொண்டே மேலே வாருங்கள். ஆழமில்லாத தண்ணீரில் நடக்கும்போது போர்டைப் பக்கவாட்டில் வைத்து, அதன் முன்முனையை அலையை நோக்கிப் பிடியுங்கள். அலைக்கும் உங்களுக்கும் நடுவில் குறுக்காகப் பிடித்தால் 8 அடி போர்டை எந்தக் கையாலும் நிறுத்த முடியாது.