26 வாரம் தீர்ந்துவிட்டது, எக்ஸ்டென்ஷன் கிடைக்குமா?

கேள்வி: கலிஃபோர்னியாவில் சன்னிவேலில் இருக்கிறேன். கிரீன் கார்டு உண்டு. பதினான்கு வருடமாக சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை. 2025 மார்ச் தொடக்கத்தில் லேஆஃப். வேலையிழப்பு உதவித்தொகைக்கு ஈடிடியில் (கலிஃபோர்னியா மாநிலத்தின் வேலைவாய்ப்புத் துறை) விண்ணப்பித்தேன். மார்ச் 9 முதல் க்ளெய்ம் தொடங்கி, வாரம் 450 டாலர் வந்தது. செப்டம்பர் நடுவில் 26 வாரமும் முடிந்துவிட்டது. அக்டோபர், நவம்பரில் ஒரு கன்சல்டன்சி வழியாகக் கான்ட்ராக்ட் வேலை பார்த்தேன், அதுவும் முடிந்தது. "கோவிட் சமயத்தில் ஒன்றரை வருடம் கொடுத்தார்கள், எக்ஸ்டென்ஷன் கேள்" என்கிறார்கள் தோழிகள். 200 டாலர் கொடுத்தால் வாங்கித் தருவதாக வாட்ஸ்அப்பில் ஒருவர் சொல்கிறார். கேட்கலாமா? இதெல்லாம் கிரீன் கார்டைப் பாதிக்குமா?

பதில்: முதலில் அந்த 200 டாலரைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். ஈடிடியில் எதற்கு விண்ணப்பித்தாலும் கட்டணம் கிடையாது. அதைவிட முக்கியம், அவர் வாங்கித் தருவதாகச் சொல்லும் பொருளே இப்போது கடையில் இல்லை.

உங்கள் தோழிகள் சொல்வது பொய்யல்ல, பழைய கதை. 2020 மார்ச்சில் அமெரிக்க நாடாளுமன்றம் கொரோனாவுக்காகத் தனிச் சட்டம் போட்டு அந்தக் கூடுதல் வாரங்களைக் கொடுத்தது. 2021 செப்டம்பர் தொடக்கத்தில் அது முடிந்தது. 2008 பொருளாதாரச் சரிவின்போதும் இப்படி ஒன்று வந்து 2013 இறுதியில் நின்றது. இவையெல்லாம் நெருக்கடி வந்தால் போடுவதும் பிறகு எடுப்பதுமான சட்டங்கள்.

நிரந்தரமாக இருப்பது 1970ஆம் ஆண்டுச் சட்டம். வழக்கமான உதவித்தொகை தீர்ந்தவர்களுக்கு 13 வாரம், நிலைமை மிக மோசமான மாநிலங்களில் 20 வாரம் வரை அது தரும். ஆனால் உங்கள் கஷ்டம் எவ்வளவு என்று அது பார்ப்பதில்லை. மாநிலத்தின் எண்ணைப் பார்க்கிறது. அடிப்படை விதி இது: காப்பீட்டுக்கு உட்பட்ட தொழிலாளர்களில் உதவித்தொகை வாங்குவோரின் விகிதம் 13 வாரச் சராசரியில் 5 சதவீதத்தைத் தொட வேண்டும். முந்தைய இரண்டு வருடங்களில் இதே காலத்தில் இருந்த சராசரி விகிதத்தில் குறைந்தது 120 சதவீதமாகவும் இருக்க வேண்டும். இதில் ஒரு கொடுமையைக் கவனியுங்கள். வழக்கமான தொகையை வாங்கிக்கொண்டிருப்பவர்தான் அந்தக் கணக்கில் வருகிறார். 26 வாரம் தீர்ந்த அன்றே நீங்கள் கணக்கிலிருந்து விழுந்துவிட்டீர்கள். உங்களைப் போலப் பல ஆயிரம் பேர் வேலை தேடி அலைந்தாலும் அந்த எண் அசையாது. கலிஃபோர்னியாவில் இந்த நீட்டிப்பு கடைசியாக 2021 செப்டம்பர் 11 அன்று நின்றது. ஆகவே அதற்காகக் காத்திருக்காதீர்கள்.

சரி, அப்போது வழியே இல்லையா? இருக்கிறது. போகிற போக்கில் நீங்கள் எழுதிய அந்த இரண்டு மாதக் கான்ட்ராக்ட்தான் உங்கள் வழி.

ஒரு க்ளெய்மின் ஆயுள் ஒரு வருடம். பணம் ஆறு மாதத்தில் தீர்ந்தாலும் அது உயிரோடுதான் இருக்கும், அதுவரை புதியது போட முடியாது. உங்களுடையது 2026 மார்ச் 7 அன்று முடிகிறது. அதன் பிறகு நீட்டிப்பு கேட்காதீர்கள், புது க்ளெய்ம் போடுங்கள். ஒரே வேலையிழப்பைக் காட்டி இரண்டு வருடம் வாங்கக் கூடாது என்பதால் சட்டம் ஒரு நிபந்தனை வைத்திருக்கிறது: பழைய க்ளெய்ம் தொடங்கிய பிறகு நீங்கள் உண்மையாகவே வேலை செய்து, குறிப்பிட்ட அளவு சம்பளமும் வாங்கியிருக்க வேண்டும். நிறுவனம் கொடுத்தனுப்பிய செவரன்ஸ் பணத்தை மட்டும் காட்டினால் நடக்காது. உங்களிடம் இரண்டு மாத வேலை இருக்கிறது.

தொகையை எதை வைத்துக் கணக்கிடுவார்கள்? 2025 மார்ச்சில் விண்ணப்பித்தபோது 2023 அக்டோபர் முதல் 2024 செப்டம்பர் வரையிலான சம்பளத்தைத்தான் பார்த்தார்கள். அதற்குப் பிறகு லேஆஃப் வரை வாங்கிய முழுச் சம்பளத்தை இன்னும் யாரும் தொடவில்லை. 2026 மார்ச்சில் போட்டால் 2024 அக்டோபர் முதல் 2025 செப்டம்பர் வரை பார்ப்பார்கள், அதில் அந்தச் சம்பளம் வந்துவிடும். ஏப்ரல் முதல் ஜூன் வரை போட்டால் 2025 ஜனவரி முதல் டிசம்பர் வரை, அதில் கான்ட்ராக்ட் பணமும் சேரும். ஜூலைக்குத் தள்ளினால் பழைய சம்பளம் முழுதும் கைநழுவிவிடும். இதற்கிடையில் வேலை எதுவும் கிடைக்காவிட்டால் மார்ச் 8ஆம் தேதி வாரத்திலேயே போட்டுவிடுங்கள். முதல் வாரத்துக்குப் பணம் வராது, அது காத்திருப்பு வாரம்.

இப்போதே பெட்டியைத் திறந்து ஒன்றைப் பாருங்கள். கன்சல்டன்சி உங்களை டபிள்யூ-2 ஊழியராக (வரி பிடித்துச் சம்பளம் தரும் முறை) வைத்திருந்ததா, 1099இல் (வெளியாளுக்குக் கொடுப்பது போல்) பணம் கொடுத்ததா? நான் மேலே சொன்னதெல்லாம் டபிள்யூ-2க்குத்தான். 1099 என்றால் நீங்கள் சுயதொழில் செய்தவர், அந்த வருமானம் இந்தக் கணக்கில் ஏறாது. ஆனால் மணிக்கணக்கில் சம்பளம், சொன்ன நேரத்துக்கு வேலை, மேலே ஒரு மேனேஜர் என்று வைத்துக்கொண்டு 1099 கொடுத்திருந்தால் அந்த வகைப்பாடே தவறாக இருக்கலாம். க்ளெய்மில் அதை உள்ளபடி எழுதுங்கள், ஈடிடி விசாரிக்கும். கான்ட்ராக்ட் காலம் முடிந்துதான் வேலை நின்றது என்பதற்கு ஒரு மின்னஞ்சலையாவது எடுத்து வையுங்கள். நீங்களாக விட்டதாகக் கன்சல்டன்சி சொல்லிவிட்டால் இழுபறி. மறுப்புக் கடிதம் வந்தால், அதில் உள்ள தபால் தேதியிலிருந்து 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும்.

இன்னொரு கதவு உங்களுக்கு மூடிவிட்டது, ஆனால் இதைப் படிக்கும் வேறு யாருக்காவது திறந்திருக்கலாம். ஈடிடி ஒப்புக்கொண்ட பயிற்சியில் சேர்ந்தால் கலிஃபோர்னியா கூடுதல் வாரங்கள் தருகிறது. 16ஆவது வாரப் பணம் கைக்கு வருவதற்குள் கேட்டுவிட வேண்டும். என்னிடம் வருபவர்களோ 26ஆவது வாரம் முடிந்த பிறகுதான் இதைக் கேட்கிறார்கள்! புது க்ளெய்ம் கிடைத்தால் அப்போது நீங்களும் இதை ஆரம்பத்திலேயே கேளுங்கள்.

கிரீன் கார்டு பற்றிய பயம் வேண்டாம். இது உழைத்ததால் வந்த காப்பீடு, அரசுக்குப் பாரமானவர் என்ற பட்டியலில் இது வராது. பயப்பட வேண்டியது வேறொன்றுக்கு. உதவித்தொகை வாங்கும் வாரத்தில் தெரிந்தவர் கடையில் ரொக்கத்துக்கு நின்றுவிட்டு அதை மறைத்தால், வாங்கியதைத் திருப்பிக் கட்டுவதோடு 30 சதவீத அபராதமும் உண்டு, 23 வாரம் வரை தகுதியிழப்பும் வரலாம். குடியுரிமை விண்ணப்பத்திலும் அது எழுந்து நிற்கும். மறைக்க அவசியமும் இல்லை. அந்த வாரம் சம்பாதித்ததில் 25 டாலர் அல்லது கால் பங்கு, எது அதிகமோ அதை விட்டுவிட்டு மீதியைத்தான் கழிப்பார்கள். கழித்த தொகை உங்கள் கணக்கிலேயே மிஞ்சி, பின்னால் வரும் வாரங்களுக்கு உதவும்.

எச்-1பி விசாக்காரர்களுக்கும் மற்ற மாநிலத்தவருக்கும் கணக்கு வேறு. ஃபுளோரிடாவில் வழக்கமான தொகையே 12 வாரம்தான். அவர்கள் இந்தப் பதிலை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.